முதுகில் வாயு பிடிக்குமா?

"முதுகுல வாய்வு புடிச்சிருக்கு, கொஞ்சம் அமுக்கி விடுடா" என்று பெரியம்மா திண்ணையில் திரும்பி உட்காருவார். தோள்பட்டைக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தியதுமே நீளமாக ஓர் ஏப்பம் வரும். இன்னும் அழுத்தினால் இன்னொன்று. "பாத்தியா, எவ்வளவு வாய்வு!" என்பார். சிறுவயதில் நானும் நம்பினேன். இன்றும் பல வீடுகளில் இந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

வாயு இருப்பது இரைப்பையிலும் குடலிலும்தான். குடலைத் தாண்டித் தோளிலோ மூட்டிலோ போய்ப் பிடித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. இரத்தத்தில் கரையும் கொஞ்சமும் மூச்சோடு வெளியேறிவிடும். அப்படியானால் ஏப்பம்? அழுத்தும்போது தம்மை அறியாமல் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அது இரைப்பைக்குப் போகும் முன்பே வெளியே விடுகிறார்கள். இது நடிப்பல்ல, உடம்பு பழகிக்கொண்ட பழக்கம். வலி பெரும்பாலும் தசைப்பிடிப்பு. அமுக்கி விட்டால் தசை தளரும். சுகம் வருவது அதனால்.

"வெறும் வயித்துல இருந்தா கேஸ் ஏறிடும்"

குடல் வாயுவில் ஒரு பங்கு நாம் விழுங்கும் காற்று. பெரும் பங்கு, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் உண்டாவது. உணவே போகாவிட்டால் நொதிக்க என்ன இருக்கிறது? பசி நேரத்தில் மேல்வயிறு எரிவதற்கு அமிலம்தான் பெரும்பாலும் காரணம். மருந்துக்கடையில் "கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் கிடைக்கும் பான்டோபிரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. வயிற்று உப்புசத்துக்கு அதை மாதக்கணக்கில் விழுங்குவதில் பயனில்லை.

"உருளைக்கிழங்குதான் வாய்வு, பூண்டு வாய்வை முறிக்கும்"

உருளைக்கிழங்கின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சூடாகச் சாப்பிட்டால் சிறுகுடலிலேயே செரித்துவிடும். ஆறிய கிழங்கில்தான் செரிக்காத பங்கு கூடும். உண்மையில் அதிக வாயு தருபவை கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா, பருப்பு வகைகள். இவற்றிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் இவை ஓரளவு குறையும். நம் பாட்டிமார் செய்தது அதுதான்.

பூண்டு, வெங்காயம், கோதுமை மூன்றிலும் ஃபிரக்டான் என்ற செரிக்காத சத்து இருக்கிறது. சர்க்கரை நோய்க்காக இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவர்கள் "வயிறு உப்புது" என்பதற்கு இதுவும் காரணமாகலாம். சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்துச் செரிமானத்தைத் தாமதப்படுத்துபவை. வாயு அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மிடையே ஏராளம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர்களிலும் பலருக்குத் தயிர், மோர் தொந்தரவு தருவதில்லை.

சோடா குடித்ததும் வரும் ஏப்பம் சோடாவில் அடைத்த கார்பன் டை ஆக்ஸைடுதான். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது அதைவிட நல்லது. அவசரமில்லாமல் மென்று சாப்பிட்டால் விழுங்கும் காற்றும் குறையும்.

ஒரு நாளைக்குப் பத்து, இருபது முறை வாயு பிரிவது நலமான குடலின் இயல்பு. வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் எடை குறைவு, மலத்தில் இரத்தம், இரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுவலி ஆகியவை சேர்ந்தால் உடனே பரிசோதனை வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாக வந்து வாரக்கணக்கில் விடாத உப்புசம், சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

"நெஞ்சுல வலியா? கேஸாத்தான் இருக்கும்"

உயிரைப் பறிக்கும் நம்பிக்கை இதுதான். இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இரத்த ஓட்டம் அடைபட்டால் மேல்வயிற்றில் வலி, குமட்டல், ஏப்பம் என்று அப்படியே அஜீரணம் போலவே காட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். ஏப்பம் விட்டதும் லேசாகக் குறைந்தது என்பதை வைத்து இதயம் நலம் என்று முடிவு செய்யக் கூடாது. முதல் இசிஜி சரியாக இருந்தாலும் மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.