உறக்கமும் விழிப்பும்

தொண்டை நாட்டின் வடபால், ஆந்திர மாநில எல்லையை அடுத்து அமைந்துள்ளது திருத்தணிகை. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் இஃது ஐந்தாவதாகும். சூரனோடு பொருத பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். செரு என்னும் போர் தணிந்தமையின் செருத்தணி என வழங்கிப் பின்னர்த் திருத்தணி ஆயிற்று என்பாரும் உளர். கந்தர் சட்டியின்போது பிற முருகன் தலங்களில் நிகழும் சூரசங்காரம் இங்கு நிகழ்வதில்லை. அருஞ்செயலுக்குப் பின் அமைதி வேண்டும் என்னும் கருத்து இவ்வூரின் பெயரிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இத்தகைய ஊரிலும் இரவு முழுதும் ஓயாத தொழில்கள் பல உள. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கின்றது. ஊர் உறங்கும் வேளையிலும் அதில் வண்டிகள் ஓடுகின்றன. சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பேருந்துகளும் சுமையுந்துகளும் விடியுமளவும் விரைகின்றன. சென்னையில் பணிபுரிவோர் வைகறையில் எழுந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மின்சார இரயிலில் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். சுற்று வட்டாரத்து ஊர்களில் விசைத்தறிகள் இயங்குகின்றன. தறியில் பாவிழை ஒன்று அறுந்தால் உடனே கண்டு முடிதல் வேண்டும். நெசவாளர் கண்ணயர்ந்தால் அறுந்த இழையின் வடு நீண்ட கோடாகத் துணியிற் படிந்துவிடும். துணியிற் படிந்த வடுவால் வருவது பொருளிழப்பு மட்டுமே. சாலையிலும் இருப்புப்பாதையிலும் கண்ணயர்ந்தாலோ உயிரிழப்பே நேரும். ஆதலின் தொழில் செய்வோர்க்கு விழிப்பு இன்றியமையாதது.

விழிப்பாக இருத்தல் என்றதும், உறக்கத்தைப் பகையாகக் கருதுவோர் பலர். உறக்கம் வேறு, சோம்பல் வேறு. திருவள்ளுவர் மடியின்மை என ஓர் அதிகாரமே வகுத்தார். கெட்டழிவோர் விரும்பி ஏறும் கலங்கள் எனக் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், அளவிறந்த துயில் ஆகிய நான்கையும் அதில் அவர் சேர்த்துரைத்தார். சோம்பலையும் துயிலையும் அவர் தனித்தனியே எண்ணியமை கருதத்தக்கது. சோம்பல் என்பது செய்யக்கூடியதைச் செய்யாதிருக்கும் மனக்குற்றம். உறக்கமோ பசி, நீர்வேட்கை போன்ற உடற்றேவை. கும்பகருணனைப் போல உறங்குதல் இழுக்கு என்பதை யாவரும் அறிவர். இலக்குவனைப் போல உறங்காதிருக்க முயல்வது மானிடர்க்கு இயலாது என்பதைச் சிலரே உணர்கின்றனர்.

இதற்குரிய காரணத்தை இக்கால அறிவியல் விளக்குகின்றது. நாம் விழித்திருக்கும் நேரம் மிகுந்தோறும் அடினோசின் என்னும் பொருள் மூளையில் திரள்கின்றது. அது மிகுந்தால் உறக்கம் அழுத்தும். இரவில் நன்கு உறங்கினால் அது குறைந்துவிடும். இதனோடு, உடலுக்குள்ளே பொழுதறிந்து இயங்கும் கடிகாரம் ஒன்றும் உண்டு. அதன்படி, நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உறக்கம் மிக வலிமை பெறும். பிற்பகல் இரண்டு மணியளவில் மற்றொரு தளர்ச்சி தோன்றும். பகலுணவே இதற்குக் காரணம் என்பர். உணவு அதனை மிகுவிக்கும் என்பது மெய்யே. எனினும் உண்ணாதவர்க்கும் அத்தளர்ச்சி வருவதுண்டு.

உறக்கம் குறைந்தவன் தான் விழித்திருப்பதாகவே எண்ணுவான். ஆனால் அவன் அறியாமலே சில நொடிகள் மூளை உறங்கிவிடும். அப்போது கண்கள் திறந்திருத்தலும் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வண்டி ஓட்டும் ஒருவன் நான்கு நொடி இவ்வாறு அயர்ந்தால், அந்நேரத்தில் வண்டி ஏறத்தாழ 67 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அத்தொலைவு முழுதும் அவ்வண்டி செலுத்துவாரின்றிச் செல்வதேயாகும். 1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஓர் உண்மையை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்குத் தாழ்ந்தது என்பதே அது. இந்தியாவில் வண்டி ஓட்டுவோர்க்குச் சட்டம் விதித்துள்ள வரம்போ 0.03 விழுக்காடேயாகும். மதுவருந்தி வண்டி ஓட்டுபவனைக் கடிந்து பேசும் உலகம், உறங்காமல் ஓட்டுபவனைக் கடும் உழைப்பாளி எனப் பாராட்டுவது எவ்வளவு பெரிய பிழை!

விண்ணில் நேர்ந்த துயர நிகழ்ச்சி ஒன்றும் இதனை நன்கு உணர்த்தும். 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் விடியற்காலையில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. 158 பேர் மாண்டனர். எண்மரே உயிர் தப்பினர். விமானத்தின் தலைமை ஓட்டுநர் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கியிருந்தார் என விசாரணையில் தெரிந்தது. இறங்கும் வேளையில் விமானம் உரிய உயரத்தினும் மேலே இருந்தது. மீண்டும் மேலெழுந்து செல்லுமாறு துணை ஓட்டுநர் மும்முறை கூறியும் தலைமை ஓட்டுநர் செவிகொள்ளவில்லை. அதுவே விபத்துக்கு நேர்க் காரணமாயிற்று. ஆழ்ந்த துயிலினின்று எழுந்தவரின் அறிவு உடனே தெளிவடையாது. அம்மந்த நிலையும் இதற்குத் துணைக் காரணம் என விசாரணை மன்றம் உரைத்தது. கண் விழித்துவிட்டால் அறிவும் விழித்துவிட்டது என எண்ணலாகாது என்பதே இதனால் அறியப்படும் பாடம்.

மனவுறுதி ஒன்றையே நம்பியிராமல், அறிவுடையோர் பல காவல்களை ஏற்படுத்தினர். இரயில் எஞ்சினில் விழிப்புக் கருவி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. ஓட்டுநர் ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் எதனையும் இயக்காதிருப்பின் முதலில் விளக்கு மின்னும். பின்னர் ஒலி எழும். அதற்கும் மறுமொழி இல்லையாயின் வண்டி தானே நிறுத்தப்படும். ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் கைகாட்டி விளக்கின் நிறத்தை ஒருவர்க்கொருவர் உரக்கக் கூறிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கண் கண்டதை வாய் சொல்லவும் செவி கேட்கவும் கருத்து சிதறாது நிற்கும். உழைக்கும் நேரத்துக்கும் வரம்பு தேவையாயிற்று. 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. தொழிலாளி விழித்திருத்தல் அவன் கடமை மட்டுமன்று. அவனுக்கு உறங்க நேரம் அளித்தல் வேலை வாங்குவோரின் கடமையுமாகும்.

திருத்தணியில் ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாள் திருப்படித் திருவிழா நடைபெறுகின்றது. 1917-ஆம் ஆண்டு வள்ளிமலைச் சுவாமிகள் இதனைத் தொடங்கிவைத்தார். மலையின் 365 படிகளிலும் அடியார்கள் திருப்புகழ் பாடி ஏறி, நள்ளிரவில் புத்தாண்டை வரவேற்கின்றனர். நடையும் பாட்டும் உடன்வருவோர் துணையும் அவர்தம் விழிப்பைக் காக்கின்றன. தொழிலிடத்தில் தளர்ச்சி நேரும்போது எழுந்து நடத்தலும், உடனிருப்பாரோடு உரையாடுதலும் பயன் தருவது இதனாலேயே. ஆயினும் இவை உறக்கத்தைச் சிறிது தள்ளி வைக்குமேயன்றி, அதற்கு ஈடாகா. விடியுமளவும் பாடியவர் மலையினின்று இறங்கியவுடன் வண்டி ஓட்டத் தொடங்குதல் தகாது. உறங்கி எழுந்தபின் புறப்படுதலே பத்திமைக்கும் அறிவுக்கும் பொருந்தும்.

நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க வழிகள் எளியனவே. இரவில் குறித்த நேரத்தில் படுத்தல் முதலாவது. காலை வெயிலில் சிறிது உலவுதல் உடற்கடிகாரத்தைச் செம்மையாக்கும். பகலுணவை அளவாக உண்ணல் வேண்டும். தேநீரும் காப்பியும் அடினோசினின் வேலையைச் சிறிது நேரம் தடுக்கும். ஆனால் அவற்றின் ஆற்றல் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். ஆதலின் மாலையில் பருகிய காப்பி இரவின் துயிலைக் கெடுத்து, மறுநாட் பகலின் விழிப்பையும் கெடுக்கும். மிகவும் அயர்ந்தவர் பகலில் இருபது நிமிடம் கண்ணயர்ந்து எழலாம். வண்டி ஓட்டுபவர்க்கு முகங்கழுவுதல் சில நிமிடமே உதவும். வண்டியை ஓரமாக நிறுத்தி உறங்குவதே உண்மையான மருந்து. "எனக்கு உறக்கம் வருகின்றது" என வாய்விட்டுச் சொல்வதில் இழிவில்லை. அதனை மறைத்துப் பிறர் உயிரைக் கையிலேந்திச் செல்வதே இழிவு.

மாணவர்க்கும் இவ்வறம் பொருந்தும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுடையார்க்கு நாளும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என மருத்துவ அறிஞர் கூறுகின்றனர். பகலிற் கற்றதை மூளை நிலைநிறுத்துவதும் உறக்கத்திலேயே. தேர்வுக்கு முன்னாள் இரவு முழுதும் விழித்துப் படிப்பவன், நெல்லை விதைத்து நீர் பாய்ச்ச மறந்த உழவனை ஒப்பான். செருவுக்குப் பின் தணிதல் வேண்டும் என்பதை ஊர்ப்பெயரே உணர்த்துகின்றது. இரவில் முறையாகத் தணிந்தவனே பகலில் முறையாக விழிப்பான்.

வினாக்கள்

1. உறக்கத்துக்கும் சோம்பலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பிற்பகலில் தளர்ச்சி தோன்றுவது ஏன்?
3. மங்களூர் விமான விபத்து உணர்த்தும் பாடத்தை எழுதுக.
4. இரயில் ஓட்டுநரின் விழிப்பைக் காக்கும் வழிகள் யாவை?
5. "உறக்கம் வருகின்றது எனச் சொல்வதில் இழிவில்லை" என்பதை விளக்கி ஒரு பத்தி வரைக.