மூச்சு மீண்டபின் வேண்டுவன

கடுஞ்சுரம் தணிந்து, மூச்சு ஒருநிலைப்பட்டு, நோயாளி இல்லந்திரும்பும் நாளினையே நோய் முடிந்த நாளாக உற்றார் கருதுவர். நுரையீரலைத் தாக்கிய கொடுநோயினின்று பிழைத்தவர்க்கோ அந்நாள் ஒரு பாதியின் முடிவேயாகும். எஞ்சிய பாதி எத்தகையது, அதற்கு வேண்டுவன யாவை என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிமோனியா, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கோவிட் முதலிய நோய்கள் முற்றியவழி, நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும்; பிராணவாயு குருதியிற் செவ்வனே கலவாது. அப்பொழுது மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியே குழாய் செலுத்தி, வென்டிலேட்டர் என்னும் பொறியால் மூச்சினை நடத்துவர். இவ்வாறு கிடந்து பிழைத்தோர் 109 பேரைக் கனடா நாட்டு டொரான்டோ நகரில் மார்கரெட் ஹெரிட்ஜ் என்னும் மருத்துவ அம்மையாரும் அவர்தம் துணைவரும் ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து, 2003-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அந்நோயாளிகளின் நடுவயது 45. தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளிப்பட்டபோது அவர்தம் உடல்நிறையில் நூற்றுக்கு 18 பங்கு குறைந்திருந்தது. ஆறு திங்களில் நுரையீரலின் கொள்ளளவு ஏறக்குறைய இயல்பினை எய்திற்று. ஆயினும், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்கின்றனர் என்று அளந்தபோது, மூன்றாந் திங்களில் 281 மீட்டரும், ஆண்டு முடிவில் 422 மீட்டருமே அவர்களால் நடக்க இயன்றது. பின்னது எதிர்பார்க்கத்தக்க அளவில் மூன்றில் இரு பங்கு. ஓராண்டில் தொழிலுக்கு மீண்டோர் பாதிப் பேரே. 2011-இல் வெளிவந்த ஐந்தாண்டுக் கணக்கிலும் அத்தொலைவு 436 மீட்டர் அளவிலேயே நின்றது.

நுரையீரல் தேறியும் கால் ஏன் தேறவில்லை? கிடையும், உடலெங்கும் பரவிய அழற்சியும் தசையினை உண்டுவிடுகின்றன. தீவிர சிகிச்சையின் முதற் பத்து நாளிலேயே தொடைத்தசையின் பரப்பு நூற்றுக்கு 18 பங்கு அளவிற் குறைவதாக 2013-இல் இலண்டன் ஆராய்ச்சியாளர் காட்டினர். பொறி மூச்சுவிடுங்காலத்து வேலையற்றிருக்கும் உதரவிதானமும் மெலியும். ஆகவே, வீடு திரும்பியவன் நாற்காலியினின்று எழும்போதே இளைக்கின்றான். இதனை அறியாத வீட்டாரில் ஒரு சாரார், "அசையாதே, படுத்திரு" என்பர், மற்றொரு சாரார், "நோய்தான் போயிற்றே, இன்னுமா சோம்பல்?" என்பர். முன்னது தசையை மேலும் குறைக்கும். பின்னது மனத்தைக் குறைக்கும்.

வேண்டுவது அளவறிந்த பயிற்சி. பிசியோதெரபி கற்றவர் துணையால், அமர்தல், எழுதல், சில அடி நடத்தல், இளைத்தவழி உதடு குவித்து மெல்ல மூச்சு விடுதல் எனப் படிப்படியாக ஏறவேண்டும். அமெரிக்காவில் 104 நோயாளிகளிடத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட சோதனையில், பொறியிலிருக்கும்போதே பயிற்சி தொடங்கப்பெற்றவருள் நூற்றுக்கு 59 பேர் தம் வேலையைத் தாமே செய்யும் நிலையில் மருத்துவமனையை விட்டனர். ஏனையோருள் 35 பேரே அந்நிலையுற்றனர். எனினும், பயிற்சியைத் தொடக்கத்திலேயே மிகுத்தால் நன்மையும் மிகும் என்பதனை 2022-இல் வெளிவந்த பெரிய சோதனை மெய்ப்பிக்கவில்லை. பயிற்சியும் மருந்தே போலும், அதற்கும் அளவுண்டு.

இனி உணவு. குழாய் எடுத்தபின் குரல் கம்மும். விழுங்குதலும் சிலர்க்குப் பிறழும். நம் இல்லங்களில் நோயாளிக்கெனக் காய்ச்சும் நீர்த்த கஞ்சி இவர்க்கு இருவகையில் ஏலாது. நீர்ப்பொருள் எளிதில் மூச்சுக்குழலிற் புகும். தசை வளர்க்கும் புரதமும் அதில் மிகச் சிறிது. விழுங்கும் திறத்தைச் சோதித்தபின், குழைத்த பருப்பு, முட்டை, மீன் இவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை அளித்தல் தக்கது.

மனத்தின் புண் கண்ணுக்குப் புலப்படாதது. மயக்கத்தில் கண்ட பொய்க்காட்சிகளை மெய்யென்றே எண்ணி அஞ்சுவோர் உளர். ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியரும் உறவினரும் அன்றன்று நிகழ்ந்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்துப் பின்னர் நோயாளியிடம் கொடுக்கும் வழக்கமுண்டு. காணாமற்போன நாட்களை அவர் அதனின்று மீட்டுக்கொள்கின்றார். எழுத்துக்கு இத்தகைய பயனும் உண்டென்பது தமிழ் கற்கும் நமக்கு உவப்பான செய்தி. உடனிருந்து வருந்திய வீட்டாரும் துயிலின்மையாலும் அச்சத்தாலும் நெடுநாள் நலிவர் என்பதை, தீவிர சிகிச்சைக்குப் பின்வரும் தொல்லைகளைத் தொகுத்து 2012-இல் மருத்துவர் வெளியிட்ட அறிக்கையும் சேர்த்தே கூறிற்று.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிசெய்வானையும் ஒரு கூறாக எண்ணினார். தேறுகாலத்தில் மருத்துவன் தொலைவிலுள்ளான், மருந்தும் சிறிதே. ஏனைய இரு கூறுகளே முழுச்சுமையையும் தாங்குகின்றன. அவ்விருவரும் மருத்துவமனையை விட்டு நீங்குமுன், எவ்வளவு நடப்பது, எதனை உண்பது, எக்குறி தோன்றின் மீண்டும் வருவது என்பனவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். தொழில் தருவோரும் முதற் சில திங்கள் அரைநாள் வேலையும், மாடிப்படி ஏறவேண்டாத ஓரிடமும் அளிப்பாராயின், ஊதியமிழந்து நின்ற குடும்பம் ஒன்று கடனின்றி அவ்வாண்டைக் கடக்கும்.