படம் நாம எடுத்தது, உரிமை யாருக்கு?



1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட பெண்கள் நம்ம மாவட்டத்துப் பெண்கள். இன்னிக்கு கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுத்தும் நாம சம்பாதிக்கலாம். நாம எடுத்த படங்களை ஒரு இணையதளத்தில் வைத்தால், வெளியூர்க்காரர்களும் பார்த்து வேலை தருவார்கள்.

படங்களை அள்ளிப் போட வேண்டாம். நல்லதாக இருபது போதும். கல்யாணம், குழந்தை, விசேஷம் என்று பிரித்து வையுங்கள். ஊர்ப் பெயரும் தொழிலுக்கான செல் நம்பரும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். வீட்டு முகவரி வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விராலிமலை மயிலை நாமாகப் போய் எடுத்தால் அந்தப் படம் நம்முடையது. ஆனால் காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படம் அப்படி இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதற்கு அவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. கல்யாண வீட்டாரைக் கேட்காமல் தளத்தில் போட்டால் வம்புதான்.

அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே இப்படி எழுதி வாங்குங்கள்:

"எங்கள் விசேஷப் படங்களில் நாங்கள் சம்மதிக்கும் படங்களை உங்கள் இணையதளத்தில் வைத்துக்கொள்ளலாம்."

தேதி போட்டு, பொண்ணு மாப்பிள்ளை இருவரும் கையெழுத்துப் போடட்டும். குழந்தை படம் என்றால் பெற்றோர் போடட்டும். பிறகு யாராவது எடுக்கச் சொன்னால் உடனே எடுத்துவிடுங்கள்.

குழுவில் கடன் கொடுக்கும்போது தீர்மானம் எழுதி கையெழுத்து வாங்காமல் விடுவோமா? இதுவும் அதே மாதிரிதான்.