மாமா மகளும் தலசீமியாவும்

அக்காவின் பிள்ளைக்குத் தலசீமியா. எனக்கு மாமா மகளைப் பேசியிருக்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், மடுல்சீமை

தம்பி, சாதகத்தோடு இரத்தத்தையும் பாருங்கள். பிள்ளைக்குத் தலசீமியா என்றால் அக்காவிடம் அந்நோயின் மரபணு உண்டு; அதனால் உங்களிடமும் இருக்கலாம். அது அம்மா வழியில் வந்திருந்தால் மாமா மகளிடமும் இருக்கலாம். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் விசாரித்து இருவரும் பரிசோதியுங்கள். ஒருவர் மட்டும் காவி (நோயின்றி அம்மரபணுவைச் சுமப்பவர்) என்றால் தயங்காமல் தாலி கட்டுங்கள். பிள்ளைக்கு அந்நோய் வராது. இருவருமே காவி என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். ‘மூத்ததுக்கு வந்தாச்சு, மற்ற மூன்றும் தப்பும்’ என்ற கணக்கு செல்லாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் சீட்டுப் புதிதாகவே குலுக்கப்படுகிறது. காவியாக இருப்பது குற்றமல்ல: மலேரியாவிலிருந்து முன்னோரைக் காத்ததால்தான் இம்மரபணு இத்தனை பேரிடம் தங்கியது.