கிரீடத்துக்குக் கீழே ஓர் எழுத்து

கேள்வி: முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கியில் கழுகும், கிரீடமிட்ட எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே முத்திரைதானா?

பதில்: இல்லை. கழுகு, வெடிச்சோதனை முத்திரை. வழக்கத்தைவிட வீரியமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கிய பிறகே அதை அடித்தார்கள். கிரீடத்துக்குக் கீழுள்ள கோதிக் எழுத்து, பாகத்தைச் சரிபார்த்த ஆய்வாளரின் அடையாளம். எர்ஃபுர்ட் அரசு ஆலையில் செய்தவற்றில் சின்னஞ்சிறு பாகத்தில்கூட அது இருக்கும்; போர் நெருக்கடியிலும் விடாத அந்தச் சிரத்தை என்னை வியக்க வைக்கிறது. துப்பாக்கியின் மேற்புறத்தில் 1917 என்றிருந்தால் அது தயாரிப்பு ஆண்டு. ஹிட்லர் காலத்தில் மௌசர் நிறுவனம் ராணுவத்துக்குச் செய்த லூகரிலோ கிரீடம் இருக்காது. கழுகின் கீழ் 63, 655 போன்ற எண்கள் இருக்கும்.

வாங்குமுன் பூதக்கண்ணாடியில் முத்திரையின் ஓரத்தைப் பாருங்கள். மழுங்கியிருந்தால், பிற்பாடு யாரோ தேய்த்து மெருகேற்றியிருக்கலாம்.