மாதிரிப் பரீட்சைப் புள்ளியும் இறுதிப் பெறுபேறும்



தை மாதம் பிறந்ததும் இங்கிலாந்தில் வாழும் நம் வீடுகள் பலவற்றுக்கு ஜி.சி.எஸ்.ஈ., ஏ லெவல் மாதிரிப் பரீட்சைப் புள்ளிகள் வந்து சேருகின்றன. அன்னதானப் பந்தியில் இருக்கும்போதே, "உங்கட பிள்ளைக்கு எத்தனை?" என்ற கேள்வி எழுகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை தலை குனிகிறது. அந்தப் புள்ளி உண்மையில் எதைச் சொல்கிறது என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

மாதிரிப் பரீட்சை பெரும்பாலும் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் நடைபெறும். இறுதிப் பரீட்சையோ மே, ஜூன் மாதங்களில். பாடத்திட்டம் முடியுமுன் எழுதிய பரீட்சையில் புள்ளி குறைவது இயல்பே. மறுபுறம், வினாத்தாளை முன்பே எங்கேனும் பார்த்துவிட்ட பிள்ளைக்கும், வீட்டில் இடையிடையே தேநீர் குடித்து, நேரம் பார்க்காமல் எழுதிய பிள்ளைக்கும் கிடைக்கும் உயர்ந்த புள்ளி நம்மை ஏமாற்றிவிடும். மேலும், எந்தப் புள்ளிக்கு எந்தத் தரம் என்ற எல்லை, அந்தந்த ஆண்டு விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பின்னரே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே மாதிரியில் கிடைத்த 6 என்பது ஒரு மதிப்பீடு மட்டுமே.

ஆசிரியர்களின் கணிப்பும் தவறுவதுண்டு. ஏ லெவல் கணிப்புகளை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் ஒருவர் 2016-இல் ஆராய்ந்தபோது, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 16 வீதத்தினருக்கே கணிப்பு சரியாகப் பொருந்தியிருந்தது. 75 வீதத்தினருக்குக் கணிப்பு, கிடைத்த பெறுபேற்றைவிட உயர்வாக இருந்தது.

அப்படியானால் மாதிரிப் பரீட்சையை அலட்சியம் செய்யலாமா? கூடாது. 2020-இல் கொரோனாவினால் பரீட்சைகள் இரத்தாகின. ஆகஸ்ட் 13-இல் வெளியான ஏ லெவல் பெறுபேறுகளில், ஆசிரியர் வழங்கிய தரங்களில் ஏறத்தாழ 39 வீதம் இங்கிலாந்தில் கணினிக் கணக்கினால் குறைக்கப்பட்டிருந்தன. மாதிரிப் பரீட்சைப் பெறுபேற்றை வைத்து மேன்முறையீடு செய்யலாம் என அரசு அதற்குச் சற்று முன்னரே அறிவித்திருந்தது. ஆகஸ்ட் 17-இல் அந்தக் கணக்கே கைவிடப்பட்டு, ஆசிரியர் வழங்கிய தரங்கள் ஏற்கப்பட்டன. சாதாரண ஆண்டுகளிலும், கணிதத்தில் பிள்ளை எந்த நிலையில் தோற்றுவது என்பதைப் பாடசாலைகள் மாதிரிப் புள்ளியைக் கொண்டும் முடிவு செய்வதுண்டு. அடிப்படை நிலையில் தோற்றினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5-க்கு மேல் கிடைக்காது. எனவே அந்த முடிவுக்கு முன்னரே ஆசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள்.

புள்ளியைவிடப் பயனுள்ளது திருத்திய விடைத்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, இழந்த புள்ளிகளை மூன்றாகப் பிரியுங்கள்:

1. பாடம் தெரியாமல் இழந்தவை. இவற்றை மீண்டும் படிக்க வேண்டும்.
2. தெரிந்தும் கவனக்குறைவால் இழந்தவை. கேள்வியை இருமுறை வாசிக்கப் பழக வேண்டும்.
3. நேரம் போதாமல் இழந்தவை. மணிக்கூட்டை முன்னால் வைத்து எழுதிப் பழக வேண்டும்.

ஊரில் நாம் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்தே பரீட்சைக்குத் தயாரானோம். அது நல்ல வழி என்பதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னின்றனர். ஆனால் ஒரு வாரத்தின் பின், தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர்.

கணிதத்தின் மூன்று தாள்களில் ஒன்று கணிப்பான் இன்றி எழுத வேண்டியது. வீட்டிலும் அதை அவ்வாறே, குறித்த 90 நிமிடங்களில், தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். ஒரு தாளின் புள்ளியை நம்பாமல் மூன்று நான்கு தாள்களைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டுப் புள்ளி பரீட்சை மண்டபப் புள்ளியை நெருங்குவது அப்போதுதான்.

பெற்றோர்களே, அடுத்த முறை பந்தியில் "எத்தனை?" என்று கேட்பதை விடுத்து, "எது கடினமாக இருந்தது?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும். நமக்கும் எங்கே உதவலாம் என்று தெரியவரும்.