உப்புக்காற்றிலும் காய்க்கும் மாமரம்

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த கும்பளங்கியில், வீட்டு முற்றத்தில் மாமரம் வளர்க்க விரும்புவோர் கன்று வாங்கும் முன்பே தம் மண்ணையும் நீரையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். மாமரம் உப்பைத் தாங்காது. வேரடியில் நெடுநாள் நீர் தேங்குவதையும் பொறுக்காது. இங்கோ நிலத்தடி நீர் மிக மேலேயே உள்ளது. மழை ஓய்ந்த மாதங்களில் காயல் நீர் உப்பேறுகிறது. ஓதம் உயரும் நாள்களில் அந்நீர் தாழ்ந்த முற்றங்களுக்குள்ளும் புகுகிறது.

இதற்குரிய வழியை இப்பகுதியின் பொக்காளி நெல் வயல்களே காட்டுகின்றன. உழவர்கள் கோடையில் வயல் மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பர். தென்மேற்குப் பருவமழை மேட்டின் உப்பைக் கழுவிய பின்னரே, முளைகட்டிய விதையை அதன்மேல் விதைப்பர். மாங்கன்றுக்கும் இம்முறை பொருந்தும்.

மேடும் நடவும்

ஓதநீர் எட்டும் மட்டத்திற்கு இரண்டடியேனும் உயரமாக, ஆறடி அகலத்தில், மே மாதத்திற்குள் மேடு அமைக்கலாம். செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைக் கலந்து இடுக. காயல் சேற்றைத் தவிர்க்க. சில வாரங்கள் நன்கு மழை பெய்த பின் கன்றை நடலாம். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும்.

விதைக்கன்று காய்க்கப் பல ஆண்டுகளாகும். தாய்மரத்தின் குணமும் மாறக்கூடும். ஆகவே ஒட்டுக்கன்றே நன்று. கேரளத்தில் பிரியோர், சந்திரக்காரன், மூவாண்டன் ஆகியவை பெயர் பெற்றவை. சிறிய முற்றத்திற்கு, அதிகம் பரவாத காலப்பாடி ஏற்றது.

பராமரிப்பு

ஒட்டுக்கன்று முதலாண்டிலேயே பூக்கக்கூடும். முதல் மூன்று ஆண்டுகளில் தோன்றும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதே காய்க்க விடுவது, முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை எடுப்பதை ஒக்கும்; வேரும் கிளையும் வலுப்பெறா.

கோடையில் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்த பின்னரே ஊற்றுக. உப்புக் கரித்தால் குழாய் நீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துக. இலைகளின் நுனியும் ஓரமும் கருகுதல் பெரும்பாலும் உப்பின் அடையாளமாகும். அடிமரத்தைத் தொடாதவாறு சருகு மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும். உப்பு மேலேறுவதும் குறையும்.

காய்க்கும் பருவமடைந்த மரத்திற்கு நவம்பர் முதல் பூக்கும் வரை நீர் பாய்ச்சலாகாது. பிஞ்சுகள் பட்டாணி அளவானதும் மீண்டும் பாய்ச்சலாம். அறுவடைக்குப் பின் காய்ந்த கிளைகளையும் உள்நோக்கி நெருங்கிய கிளைகளையும் கவாத்துச் செய்தால் வெளிச்சமும் காற்றும் புகும்.

பழ ஈ முற்றிய காய்களில் முட்டையிடும். அதன் புழு பழத்தைத் தின்று வளர்ந்து மண்ணில் கூட்டுப்புழுவாகும். எனவே உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கிக் கொதிநீரில் இடுக. காய்களை மரத்திலேயே பழுக்க விடாமல், முற்றியவுடன் பறித்து வைக்கோலில் பழுக்க வைப்பது நலம்.

மேடமைக்க ஆகும் செலவு ஒருமுறைக்குரியது. அதைத் தவிர்த்து நட்ட மரம், பல ஆண்டுகள் வளர்ந்த பின்னும் ஒரே கோடையில் பட்டுப்போகக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.